சிப்பாய் எப்படி நிற்க வேண்டும்: கடலூர், புதுச்சேரியில் நான்கு நாள்

ஜூலை 11, கடலூர்

காலை ஏழு மணி பஸ்ஸில் விருத்தாசலத்தில் ஏறி நானும் அப்பாவும் கடலூர் வந்து இறங்கியபோது மஞ்சக்குப்பத்தில் வெயில் நன்றாக ஏறிவிட்டது. இந்தப் பயணம் ஊர் சுற்ற இல்லை. ஒரு சிலையைப் பார்க்கப் போகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரிலிருந்து அவரோடு ஒரே நாளில் ஆள் எடுப்புக்குப் போய், நீலகிரியில் வெலிங்டன் பயிற்சி மையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பயிற்சி முடித்த நண்பர் சியாச்சினில் பனிச்சரிவில் இறந்துபோனார். முப்பது வருஷம் ஆகப் போகிறது. நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் மாமா என்றுதான் சொல்லி வளர்ந்தேன். ஊர் முனையில் இருக்கிற பஸ் நிழற்குடைக்கு அவர் பெயர்தான். பெயின்ட் உதிர்ந்து பாதி எழுத்து போய்விட்டது, அதையும் அப்பாதான் இரண்டு தடவை எழுதவைத்தார். இந்த வருஷம் ஊர்க்காரர்கள் கூடி, அவருக்கு முழு உருவச் சிலை வைப்பது என்று முடிவு செய்தார்கள். பொதுச் சாலையில், பொது இடத்தில் சிலை வைக்கக் கூடாதென்று 2013இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இருக்கிறது என்பதால், அவர்கள் குடும்பத்துப் பட்டா நிலத்திலேயே, ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறார்கள். இடம் தயார், வசூலும் பாதி ஆகிவிட்டது.

சிலை செய்கிறவர் மூன்று படம் காட்டினார். மூன்றிலும் சிப்பாய் துப்பாக்கியைக் குறி வைத்தபடி பாய்ந்து ஓடுகிறார். மாமாவின் அம்மா, எங்களுக்கு ஆயா, படத்தை ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "எம் புள்ள யாரையும் சுட்டுச் சாவலியே தம்பி, பனியிலதான செத்தான்" என்றார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள்தான், புதுச்சேரி கடற்கரையில் ஒரு சிப்பாய் சிலை இருக்கிறது, பாயவும் இல்லை, சுடவும் இல்லை, சும்மா நிற்கிறது, அதைப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னார். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று போனால் அங்கே மரியாதை செலுத்துவதையும் பார்க்கலாம் என்றேன் நான். அப்படித்தான் கிளம்பினோம்.

கடலூரில் ஒரு நாள் தங்கியதற்குக் காரணம் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர். வந்ததும் வராததுமாக அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு குண்டு சாலையில் போனார். 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் தங்களுக்கே என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்னும் பஸ் போர்டில் இருக்கிற பெயர் அந்தக் கணக்கில் வந்ததுதான். செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அதே கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். அப்பா அந்த வருஷத்தைக் கேட்டதும் நிமிர்ந்து, "எங்க ரெஜிமெண்ட் ஆரம்பிச்சதும் 1758தான்" என்றார். பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்கத்தானே அன்றைக்குச் சென்னையில் அவசர அவசரமாகப் படை திரட்டினார்கள்!

மாலையில் வண்டிப்பாளையம் பக்கம் போய்க் கேப்பர் மலையைப் பார்த்தோம். மலை என்று பெயர், செம்மண் மேடுதான். 1783 ஜூனில் இந்தப் பக்கத்தில்தான் ஆங்கிலேயப் படை முகாம் போட்டு, கடலூருக்குள் இருந்த தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை முற்றுகை இட்டது. ஜூன் 13 ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். இரண்டு பக்கமும் சிப்பாய்கள் என்று நின்றவர்கள் நம் ஆட்கள்தான். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுய்ஃப்ரேன் 15 கப்பலோடு வந்து ஆங்கிலேயரின் 18 கப்பலை விரட்டினார். அப்புறம், மாதக் கடைசியில் ஒரு கப்பல் வந்து, சண்டை வேண்டாம், சமாதானம் ஆகிவிட்டது என்று சேதி சொல்கிறது. ஐரோப்பாவில் அந்தச் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரியில்! ஐந்து மாதம் கழித்துத்தான் சேதி கடல் தாண்டி வந்திருக்கிறது. நடுவில் செத்தவர்கள் எதற்குச் செத்தார்கள் என்று எனக்கு இதுவரை மனசு ஆறவில்லை.

அவர்களுக்கு ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை. மேட்டில் முந்திரி மரங்களும் ஆடு மேய்க்கிற ஒரு பையனும் இருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். நானும் நின்றேன்.

ஜூலை 12, புதுச்சேரி

கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடையில் எல்லை தாண்டினால் வரிசையாகச் சாராயக் கடைகள், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். முதலியார்பேட்டையில் மூடிக்கிடக்கிற ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் நீளமான சுவரைப் பார்த்ததும் 1936 ஜூலை 30 நினைவுக்கு வந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைப் பிரெஞ்சுப் படை சுட்டுக் கொன்ற நாள். நாங்கள் பார்க்கப் போகிற நினைவுச் சின்னத்தைப் பிரெஞ்சு அரசு திறந்தது 1938இல், அதாவது இதற்கு இரண்டே வருஷம் கழித்து. இதைப் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். "சுடச் சொன்னது அரசாங்கம். கடற்கரையில நிக்கிறவன் சிப்பாய். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதேம்மா" என்றார். சரி என்று தலையாட்டினாலும் எனக்கு அது முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. சுட்டவரும் சிப்பாய்தானே.

அறையில் பையை வைத்துவிட்டு நேராகக் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். காந்தி சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள், பழைய கலங்கரை விளக்கம், எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காமலும் அப்பா வேகமாக நடந்தார்.

இருந்தது. உயரமான தூண்கள், அவற்றுக்கு நடுவே பீடத்தின்மேல் அந்தச் சிப்பாய். கேட் பூட்டியிருந்தது, வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. மாலை வெயில் ஊருக்குள் இறங்கிவிட்டதால் அவர் முகத்தில் நிழல். தலையில் இரும்புத் தொப்பி, உடம்பில் ஐரோப்பியக் குளிருக்குப் போடுகிற கனத்த உடுப்பு, துப்பாக்கி யாரையும் குறி பார்க்காமல் கீழே இறங்கியிருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த போரில், பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் நாட்டுக்காக உயிர்விட்ட வீரர்களுக்கு என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. பிரெஞ்சு இந்தியா என்றால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். அதாவது தண்ணீர் ஜில்லென்று இருந்தாலே தொண்டை கட்டிக்கொள்கிற ஊர்க்காரர்கள், கப்பல் ஏறிப் போய் பனியிலும் சேற்றிலும் நின்றிருக்கிறார்கள்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. நான் நேரம் பார்த்தேன், இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் எத்தனையோ பேர் வந்து, சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் போய்விட்டது, ஏனென்றால் போன தடவை கல்லூரித் தோழிகளோடு வந்தபோது நானும் இதே இடத்தில் அதையேதான் செய்தேன், கையில் ஐஸ்கிரீமோடு.

பிறகு அப்பா சொன்னார். ராணுவத்தில் இறந்தவருக்கு மரியாதை செய்யும்போது 'சோக் சஸ்த்ர' என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கேட்டதும் ரைஃபிளைச் சுழற்றி, குழல் முனையைக் கீழே கொண்டுவந்து, கட்டையின்மேல் கைகளை வைத்து, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் வாரக் கணக்கில் பழகினால்தான் எல்லார் கையும் ஒரே நேரத்தில் இறங்கும். மாமாவின் உடல் ஊருக்கு வந்த அன்று அப்பாவும் அதைச் செய்தார். "எனக்கு மட்டும் அன்னிக்குக் கை பிந்திப்போச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜூலை 13, புதுச்சேரி

இன்று காலையெல்லாம் வெறும் நடை. சுய்ஃப்ரேன் வீதி, புஸ்ஸி வீதி. நேற்று முந்தாநாள் கேப்பர் மலையில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் இங்கே தெருப்பெயராக நிற்கிறார்கள். புஸ்ஸி 1785இல் இதே ஊரில்தான் இறந்தார். தளபதிக்கு ஒரு வீதி கிடைத்தது. அவர் கூட்டிவந்த சிப்பாய்க்கு?

புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் ஆட்டோக்காரர் புஸ்ஸி வீதி என்றுதான் சொன்னார். அங்கே 'ஃபுவாயே து சொல்தா' இருக்கிறது, படைவீரர் இல்லம். சொல்தா என்பது பிரெஞ்சுச் சொல்தான் என்றாலும் இங்கே அது தமிழாகவே ஆகிவிட்டது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர் சொல்தா, அவர் வீடு சொல்தா வீடு. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வெளியே வந்தார். எண்பது தாண்டியிருக்கும், தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. அப்பா நின்ற தோரணையைப் பார்த்ததும் "எந்த யூனிட்?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு பேரும் எதிரே இருந்த டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தாத்தா 1881 சட்டத்தின்படி பழைய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வந்தவர்களில் ஒருவர். ரெனோன்சான் என்பார்கள். அப்படி வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால்தான் புதுச்சேரியில் பச்சைத் தமிழருக்குப் பிரெஞ்சுப் பெயர் இருக்கும். பெரியவரின் அப்பா வியட்நாமில், சைகோனில் வேலை பார்த்தார். 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தபோது இங்கிருந்த கவர்னர் போன்வேன், சரணடைய மறுத்துப் போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் நின்றார், அதனால் அந்தப் போருக்கும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். பிறகு இந்தோசீனா, அதாவது வியட்நாம் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய போர். 1954 மே மாதம் அங்கே பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் ஃபூ விழுந்தது, அதே வருஷம் நவம்பர் 1 அன்று புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. "எங்கப்பா அங்க பிரெஞ்சுக் கொடிக்குக் கீழ நிக்கறாரு, இங்க வீட்டு வாசல்ல எங்கம்மா மூவர்ணக் கொடிக்குக் கோலம் போடறாங்க. ரெண்டும் மூணு கலர்தான் தம்பி" என்று பெரியவர் சிரிக்காமல் சொன்னார். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் முழுசாக நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் சித்தப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே சுவர், இரண்டு நாடு.

அப்பா தயங்கித் தயங்கி, கடற்கரைச் சிலையைப் பற்றிக் கேட்டார். அது வெள்ளைக்காரச் சிப்பாய் மாதிரிதானே இருக்கிறது, செத்தவர்கள் நம் ஆட்கள், உங்களுக்கு உறுத்தாதா என்று. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சின்ன வயசுல எங்க ஆத்தா என்னைத் தூக்கிட்டுப் போய், இதான்டா உன் சின்னத் தாத்தான்னு காட்டும். எனக்கு அது தாத்தா மூஞ்சிதான். வேற மூஞ்சி நான் பாத்ததில்ல" என்றார். அந்தச் சின்னத் தாத்தாவின் உடல் வரவில்லை. போட்டோவும் கிடையாது.

நம் ஊர்ப் பக்கம் வயலில், ஏரிக்கரையில் நடுகல் பார்த்திருப்பீர்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, மயில்பீலி சூட்டிக் கள் படைத்த பழக்கம் நமக்கு இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. எந்தக் கல்லிலும் அசல் முக ஜாடை இருக்காது, வாளும் வில்லும் கொண்டையும்தான். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது அவன்தான்.

சாயங்காலம் விளக்கு ஊர்வலம். 14ஆம் தேதிக்கு முந்தின நாள் முன்னாள் வீரர்களும் குடும்பங்களும் கையில் விளக்கோடு, பிரெஞ்சுக் கொடி, இந்தியக் கொடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, பேண்டு வாத்தியத்தோடு போகிறார்கள். காலையில் டீ குடித்த பெரியவரும் வந்தார். எங்களைப் பார்த்ததும் வரிசையை விட்டு வராமல், விளக்கை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

ஜூலை 14, புதுச்சேரி

சீக்கிரமே போய் இடம் பிடித்தோம். கேட் இன்று திறந்திருந்தது, உள்ளே நாற்காலிகள், பூ அலங்காரம். உள்ளே அழைப்பு உள்ளவர்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் சாலையில் கூட்டத்தோடு நின்றோம். பிரெஞ்சுத் துணைத் தூதர் வந்தார், அரசு அதிகாரிகள் வந்தார்கள், மலர்வளையம் வைத்தார்கள். வயதான சொல்தாக்கள் கோட்டு போட்டு, இடது மார்பில் பதக்கங்களோடு வரிசையாக நின்றார்கள். ஒருவருக்குக் கை நடுங்குகிறது, பதக்கங்கள் ஒன்றோடு ஒன்று உரசி மெல்லிசாகச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கிற அளவுக்கு அந்த நிமிஷம் கூட்டம் அமைதியாக இருந்தது. பின்னால் கடல் மட்டும் இருந்த இடத்திலிருந்து இரைந்துகொண்டிருந்தது.

பிரான்ஸின் தேசிய கீதம் மர்செய்யேஸ் பாடினார்கள். தமிழ்ப் பாட்டிகள், நெற்றியில் பொட்டோடு, பட்டுப்புடவையில், ஒரு சொல் தப்பாமல் பாடினார்கள். அப்புறம் ஜன கண மன, அதையும் அதே குரலில் பாடினார்கள்.

அப்பா கூட்டத்துக்குள் நின்றபடியே விறைப்பாக நின்றுவிட்டார். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது என்பதால் கை இரண்டும் பக்கவாட்டில். பிரெஞ்சுக்காரனை எதிர்க்க உண்டான ரெஜிமெண்ட்டின் ஹவில்தார், பிரெஞ்சுச் சிப்பாய் சிலைக்கு முன்னால். கண் சிவந்திருந்தது. நான் தோளைத் தொடவில்லை, தொட்டால் அவர் நிலை குலைந்துவிடும் என்று தோன்றியது.

எல்லாம் முடிந்ததும் பெரியவர் எங்களைத் தேடி வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சிலைக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம். கிட்டத்தில் பார்த்தால் உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்திருக்கிறது என்று தெரிகிறது, மடிப்புகளில் எல்லாம் கோடு கோடாக நிறம் மாறியிருக்கிறது. அப்பா டெல்லியில் தேசியப் போர் நினைவகத்துக்குப் போன கதையைப் பெரியவரிடம் சொன்னார். 2019இல் திறந்த அந்த இடத்தில் கிரானைட் கற்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் மாமா பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாராம். "முகம் முக்கியம்தான், ஆனா பேரு ஆழமா வெட்டணும் ஐயா. பெயின்ட்ல எழுதினா நிக்காது" என்றார். நிழற்குடையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

சாலைக்கு வந்ததும் அப்பா ஆயாவுக்குப் போன் போட்டார். ஆயாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகத்தான் பேச வேண்டும், போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடவும் வேண்டாம், குறி வைக்கவும் வேண்டாம், துப்பாக்கியைக் கீழே இறக்கி நேராக நிற்கிற மாதிரி செய்யச் சொல்லலாம் என்று அப்பா விளக்கினார். சியாச்சினில் போட்டிருந்தானே அந்தப் பனிக்கோட்டு, அதோடேயே வைத்தால் எந்த இடத்தில் செத்தான் என்று வருகிற பிள்ளைகளுக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவருக்கு இங்கே வந்த நாளிலிருந்து அதுதான் எண்ணம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அப்பா போனைக் காதில் வைத்தார். பிறகு ஆயாவின் குரல் வந்தது.

"நம்ம ஊரு வெயில்லயா தம்பி நிக்கப் போறான்? கோட்டு வேணாம். லீவுல வருவானே, கைய மடிச்சுவுட்ட காக்கிச் சட்ட, அதோட நிக்கட்டும். புழுங்கும்."

அப்பா சரி அத்தை என்றார். பையிலிருந்து சிலை செய்கிறவர் கொடுத்த காகிதத்தை எடுத்து, கடற்கரைச் சுவரின்மேல் வைத்து, கோட்டு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, காக்கிச் சட்டை, கை மடித்தது என்று எழுதினார். அதற்குக் கீழே, பெயர் கல்லில், ஆழமாக.

நாளை காலை ஆறரை மணி பஸ்.